புத்தகத்துக்குப் பூட்டு!

சுமார் 1,400 வருடங்களுக்கு முன், காஞ்சிபுரம் தெருவில் ஒரு ரகளை.

குடித்துவிட்டுத் தள்ளாடும் ஒரு காபாலிகச் சாமியார் தன் பிச்சைப் பாத்திரத்தைத் தொலைத்துவிட்டார். பாத்திரம் என்றால் சாதாரணப் பாத்திரம் இல்லை, மண்டை ஓடு! கூடவே வரும் தோழியுடன் தெருத்தெருவாகத் தேடுகிறார். எதிரே ஒரு புத்த பிட்சு வருகிறார். ஆடைக்குள் எதையோ மறைத்திருக்கிறார். போதாதா? ''இவன்தான் திருடன்!'' என்று சாமியார் பாய, பஞ்சாயத்து பண்ண ஒரு பாசுபதச் சாமியார் வர, கடைசியில் பார்த்தால் அந்த மண்டை ஓட்டைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். நாயிடமிருந்து அதைப் பிடுங்கி வைத்திருப்பவன் ஒரு பைத்தியக்காரன்!

பதற வேண்டாம். இது நிஜச் சண்டை இல்லை, நாடகம். பெயர் 'மத்தவிலாசப் பிரகசனம்'. சம்ஸ்கிருதத்தில் எழுதப்பட்ட நகைச்சுவை நாடகம். எழுதியவர் யார் தெரியுமா? காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவன். மலையைக் குடைந்து கோயில் கட்டிய அதே மகேந்திரவர்மன்தான்.

நாடகத்தில் காபாலிகர் சாராயக் கடையை யாகசாலையோடு ஒப்பிட்டு வர்ணிக்கிறார். பிட்சுவுக்கு வேறு கவலை. 'நல்ல சாப்பாடு, நல்ல படுக்கை எல்லாவற்றையும் அனுமதித்த புத்தர், பெண்ணையும் மதுவையும் மட்டும் அனுமதிக்காமல் இருந்திருப்பாரா? பொறாமை பிடித்த கிழட்டுப் பெரியவர்கள்தான் மூல நூலிலிருந்து அந்தப் பகுதியை எடுத்திருக்க வேண்டும். வெட்டுப்படாத பிரதி எங்கே கிடைக்கும்?' என்று ஏங்குகிறார். 'தணிக்கை' பற்றிய ஜோக், ஏழாம் நூற்றாண்டிலேயே!

அது மட்டுமில்லை. வழக்கை அரசவைக்குக் கொண்டுபோகலாம் என்று பேச்சு வரும்போது, 'இந்தப் பிட்சுவிடம் மடத்துப் பணம் நிறைய இருக்கிறது. அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார். ஏழைகளான நாம் என்ன செய்ய முடியும்?' என்கிறாள் தோழி. தன் நீதிமன்றத்தில் லஞ்சம் செல்லும் என்று ராஜாவே எழுதுகிறார். கவனியுங்கள், 'மத்தவிலாசன்' என்பது மகேந்திரவர்மனின் பட்டப் பெயர்களில் ஒன்று. குடிகாரக் கூத்துக்குத் தன் பட்டத்தையே தலைப்பாக வைத்திருக்கிறார் மனுஷன்!

இந்தக் கதையைக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கும் நண்பர் ஒருவரிடம் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: ''ராஜா எழுதினார், சரி. இன்னைக்கு யாராவது இப்படி எல்லா சாமியாரையும் கிண்டல் பண்ணி எழுதினா சும்மா விடுவாங்களா சார்? ஊர்ல கலவரம் வராதா? சில புத்தகத்தைத் தடை பண்றதுல என்ன தப்பு? நாலு பேர் நிம்மதியா இருக்கணும்னா ஒரு புத்தகம் போனா போகட்டுமே!''

நியாயமான கேள்வி. கோயிலும் கூட்டமும் நிறைந்த ஊரில் இருப்பவர், கலவரம் வந்தால் முதலில் தன் தறிதான் நிற்கும் என்று தெரிந்தவர் கேட்கிற கேள்வி. 'கருத்துச் சுதந்திரம்' என்று ஒரே வார்த்தையில் பதில் சொல்லி அவரைத் தள்ளிவிட முடியாது.

மகேந்திரவர்மனையும் ரொம்பத் தூக்கி வைக்க வேண்டாம். பெரியபுராணம் சொல்லும் கதையில், மதம் மாறியதற்காக அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் போடச் சொல்லும் பல்லவ மன்னர் ஒருவர் வருகிறார் அல்லவா... அவர் இவர்தான் என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள். அது உண்மை என்றால், அரசர் எல்லா மதத்தையும் கேலி செய்யலாம், குடிமகன் தன் மதத்தை மாற்றிக்கொள்ளக்கூடக் கூடாது என்று ஆகிறது. பேனாவும் அதிகாரமும் ஒரே கையில் இருந்தால் சுதந்திரம் சுலபம். இரண்டும் எதிரெதிர்க் கைகளில் இருக்கும்போதுதான் பிரச்னையே!

அதற்கும் காஞ்சிபுரத்திலேயே ஒரு கதை இருக்கிறது.

1909-ல் இதே ஊரில், நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர் சி.என்.அண்ணாதுரை. கொஞ்ச நாள் காஞ்சிபுரம் நகராட்சியில் குமாஸ்தா. பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் எம்.ஏ. 1942-ல் காஞ்சிபுரத்திலிருந்து 'திராவிட நாடு' வார இதழைத் தொடங்குகிறார்.

அடுத்த வருடம், 1943. கம்பராமாயணத்தையும் பெரியபுராணத்தையும் கொளுத்த வேண்டும் என்று சுயமரியாதை இயக்கம் சொல்ல, தமிழ்நாடே கொதிக்கிறது. சென்னை சட்டக் கல்லூரியில் ஒரு விவாத மேடை. 'கொளுத்தலாம்' என்று அண்ணா. 'கூடாது' என்று சொல்லின் செல்வர் ரா.பி.சேதுப்பிள்ளை. அடுத்த மாதம் சேலத்தில் இன்னொரு மேடை. அங்கே அண்ணாவுக்கு எதிராக நாவலர் சோமசுந்தர பாரதியார். 'தீ பரவட்டும்' என்ற தலைப்பில் இது பிறகு புத்தகமாகவும் வந்தது.

ஆக, நம் கதாநாயகர் புத்தகத்தைக் கொளுத்தலாம் என்று வாதாடியவர். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், ஒன்றைப் பாருங்கள். அன்றைக்கு அவர் கையில் போலீஸ் இல்லை, அரசாணை இல்லை. இருந்தது நாக்கு மட்டும். எதிர்த்தரப்பும் அதே மேடையில் ஏறி, அதே கூட்டத்திடம் பதில் சொன்னது. கம்பனை விரும்பியவர்கள் வீட்டில் கம்பன் பத்திரமாகவே இருந்தான்.

ஏழு வருடம் கழித்துக் காட்சி மாறுகிறது. அண்ணா எழுதிய 'ஆரிய மாயை' புத்தகத்தின் மீது அரசாங்கத்தின் கை விழுகிறது. வகுப்புகளுக்கு இடையே பகையை மூட்டுகிறது என்று வழக்கு. கடுமையான புத்தகம்தான், படித்து மனம் நொந்தவர்கள் இருந்தார்கள். 1950 செப்டம்பரில் தீர்ப்பு: 700 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஆறு மாதம் சிறை. அண்ணா அபராதம் கட்டவில்லை. திருச்சி சிறைக்குப் போனார்.

அங்கே ஒரு வேடிக்கை. 'பொன்மொழிகள்' என்ற புத்தகத்துக்காகத் தண்டனை பெற்று அதே சிறைக்கு வந்து சேர்ந்தார் பெரியார். அதற்குச் சரியாக ஒரு வருடம் முன்புதான் இருவரும் பிரிந்து, தி.மு.க. பிறந்திருந்தது. பேச்சுவார்த்தை இல்லாத குருவையும் சீடரையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்த்தது காங்கிரஸ் அரசாங்கம்! சில நாட்களிலேயே இருவரும் விடுதலையானார்கள்.

இன்னொரு புத்தகத்தின் கதி இதைவிட மோசம். புலவர் குழந்தை 1946-ல் 'இராவண காவியம்' எழுதினார். ராமாயணத்தைத் தலைகீழாகப் புரட்டி, ராவணனைக் கதாநாயகனாக்கிய 3,100 பாடல்கள். அண்ணாவின் முன்னுரையோடு வந்தது. கம்பனைப் பிடிக்கவில்லையா, தீப்பெட்டியைத் தேடாதே, உட்கார்ந்து பதிலுக்கு ஒரு காவியம் எழுது... என்னைக் கேட்டால் 1943 சண்டைக்குக் கிடைத்த மிகச் சிறந்த முடிவு அதுதான். ஆனால், 1948-ல் சென்னை மாகாண அரசு அதைத் தடை செய்தது.

அப்போது முதலமைச்சர் யார்? ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். நேர்மைக்குப் பெயர் போனவர். பாரதியார் பாடல்களின் உரிமையை வாங்கிப் பொதுச் சொத்தாக்க 1949-ல் முடிவெடுத்ததும் அவருடைய அரசுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1928-ல் இதே பாரதியார் பாடல்கள் தடை செய்யப்பட்டன. முதலில் பர்மா அரசாங்கம், அதைப் பார்த்துச் சென்னை மாகாண அரசாங்கம். பாடல் புத்தகங்களைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பாரதி இறந்து அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது. செத்த பிறகும் மனுஷனை விடவில்லை! சட்டசபையில் எழுந்து நின்று பாரதிக்காக முழங்கியவர் காங்கிரஸின் தீரர் சத்தியமூர்த்தி.

இப்போது வரிசையாக வைத்துப் பாருங்கள். 1928-ல் தடையின் வலி காங்கிரஸுக்கு. இருபது வருடம் கழித்து அதே காங்கிரஸ் ஆட்சியில் இருக்கிறது. பாரதியின் பாட்டைப் பொதுச் சொத்தாக்க ஏற்பாடு செய்கிறது, நல்லது. அதே கையால் இராவண காவியத்தைப் பூட்டியும் வைக்கிறது.

இராவண காவியத்தின் பூட்டைத் திறந்தது யார்? 1971-ல் கலைஞர் கருணாநிதியின் அரசு. நடுவில் 23 வருடம். அந்த 23 வருடத்தில் காவியத்தில் ஒரு எழுத்தாவது மாறியதா? இல்லை. ஆபத்தான பாட்டு சாதுவான பாட்டாக ஆகிவிட்டதா? அதுவும் இல்லை. மாறியது கோட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆள்! ஆரிய மாயை எழுதியதற்காகச் சிறை போனவரின் எழுத்துகளை 1995-ல் அரசே நாட்டுடைமை ஆக்கியது.

''அப்போ தி.மு.க. வந்ததும் எல்லாம் சரியாயிடுச்சா?'' என்று நீங்கள் கேட்பீர்கள். அவசரப்படாதீர்கள்.

1954-ல் எம்.ஆர்.ராதாவின் ராமாயண நாடகத்தை நிறுத்துவதற்காக ஒரு சட்டம் வந்தது. சென்னை நாடக நிகழ்ச்சிகள் சட்டம். நாடகம் போடுவதை அதிகாரிகள் தடுக்க வழிசெய்த சட்டம். நாடகத்தால் வளர்ந்த கட்சி தி.மு.க. அண்ணாவே நாடகாசிரியர், நடிகர். 1967-ல் அவரே முதலமைச்சர் ஆனார். அந்தச் சட்டத்தைத் தூக்கிக் குப்பையில் போட்டிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. அதன் பிறகு கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா என்று கலையுலகிலிருந்தே முதல்வர்கள் வந்தார்கள். சட்டம் மேஜை டிராயரிலேயே பத்திரமாக இருந்தது. 2013-ல்தான், பத்திரிகையாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில், அது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

அடிபட்டபோது 'சாட்டையே கூடாது' என்று கத்தியவர், சாட்டை தன் கைக்கு வந்ததும் 'இருக்கட்டும், எதற்கும் உதவும்' என்று ஆணியில் மாட்டி வைக்கிறார். இதில் கட்சி வித்தியாசம் கிடையாது.

சரி, நம் காஞ்சிபுரம் நண்பரின் கேள்விக்கு வருவோம். 'கலவரம் வராதா?'

இதற்கு உச்ச நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது, அதுவும் ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கில். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம் இடஒதுக்கீட்டைப் பற்றிப் பேசியது. கடும் எதிர்ப்பு. படத்தின் சென்சார் சர்டிஃபிகேட்டை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 1989-ல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. அப்போது சொன்னதன் சாரம் இது: கருத்துக்கும் வன்முறைக்கும் நடுவில் உள்ள தொடர்பு, வெடிமருந்துக் கிடங்கில் விழுந்த தீப்பொறி போல நெருக்கமாக, உடனடியாக இருக்க வேண்டும். 'எங்கோ, என்றோ, யாரோ கோபப்படலாம்' என்பது போதாது. ஊர்வலம் வரும், கலாட்டா வரும் என்று மிரட்டினால் மிரட்டுகிறவரைத் தடுப்பதுதான் அரசாங்கத்தின் வேலை, பேசுகிறவர் வாயைப் பொத்துவது இல்லை.

நாமக்கல்லில் இது தலைகீழாக நடந்தது. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-ல் வந்த நாவல். நாலு வருடம் யாருக்கும் தொந்தரவு இல்லை. 2014 கடைசியில் திடீரென்று எதிர்ப்பு, கடையடைப்பு. அதிகாரிகள் முன்னிலையில் 'சமாதானப் பேச்சு' என்று கூப்பிட்டு எழுத்தாளரிடம் எழுதி வாங்கினார்கள். எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவரே அறிவித்தார். யோசித்துப் பாருங்கள், அரசாணை எதுவும் போடாமலே ஒரு புத்தகம் பூட்டப்பட்டது! 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த எழுத்துக் கட்டாயப்படுத்தாது என்று சொல்லி அவரை மறுபடி எழுத வைத்தது. பிடிக்காத புத்தகத்தைப் படிக்க வேண்டும் என்று யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் நினைவுபடுத்தியது.

அப்படியானால் தடை எப்போதுமே தப்பா? எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாமா?

இல்லை. 'நாளை ராத்திரி இந்தத் தெருவுக்கு வா, இன்னாரை வெட்டு' என்று ஒருவன் அச்சடித்துக் கொடுத்தால் அது புத்தகம் இல்லை, சதி. ஒரு குழந்தையைச் சீரழித்துப் படம் எடுத்து விற்றால் அது இலக்கியமும் இல்லை, கருத்தும் இல்லை, குற்றத்தின் சாட்சியம். அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஒரு தனி மனிதரைப் பற்றிப் பொய் எழுதி மானத்தை வாங்கினால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம். நம் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவே பேச்சுரிமையையும் கொடுத்து, பொது ஒழுங்கு, அவதூறு, குற்றத்தைத் தூண்டுவது போன்ற காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாட்டையும் அனுமதிக்கிறது. அந்தச் சின்ன வட்டம் தேவை. நம் சிக்கல், அந்த வட்டத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்குவதில்தான் இருக்கிறது.

பெரிதாக்கும்போது முதலில் காணாமல் போவது காரணம். பெரியாரின் ராமாயண விமர்சன நூலின் இந்தி மொழிபெயர்ப்பை உத்தரப் பிரதேச அரசு 1969-ல் பறிமுதல் செய்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்ய, அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. 1976-ல், நெருக்கடி நிலை அமலில் இருந்த காலத்தில், உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் அரசு பக்கம் தீர்ப்புச் சொல்ல மறுத்தார். ஏன் தடை என்ற காரணத்தை உத்தரவில் அரசாங்கம் எழுதவே இல்லை!

அதைவிட வேடிக்கை ஒன்று. சல்மான் ருஷ்டியின் 'சாத்தானின் வேதங்கள்' 1988-ல் இந்தியாவுக்குள் இறக்குமதி செய்யக் கூடாது என்று தடுக்கப்பட்டது. முப்பது வருடத்துக்கு மேல் கழித்து டெல்லி உயர் நீதிமன்றத்தில் ஒருவர் வழக்குப் போட்டார். 'அந்த உத்தரவைக் காட்டுங்கள்' என்றால்... காணோம்! எந்த அலுவலகத்தாலும் எடுத்துக் கொடுக்க முடியவில்லை. அப்படி ஒரு உத்தரவே இல்லை என்றுதான் கொள்ள வேண்டும் என்று 2024 நவம்பரில் நீதிமன்றம் வழக்கை முடித்து வைத்தது. முப்பது வருடத்துக்கும் மேலாக வாசகர்கள் ஒரு காணாமல் போன காகிதத்துக்குக் கட்டுப்பட்டு இருந்திருக்கிறார்கள்.

பழங்கதை என்று நினைத்துவிடாதீர்கள். 2025 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீர் அரசின் உள்துறை ஒரே உத்தரவில் 25 புத்தகங்களைப் பறிமுதல் பட்டியலில் சேர்த்தது. அருந்ததி ராய், ஏ.ஜி.நூரானி எழுதியவையும் அதில் உண்டு. சட்டத்தின் பெயர் புதுசு, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா. பூட்டு பழைய பூட்டுதான்.

பூட்டுக்கு மாற்று என்ன? ஜெர்மனியைப் பாருங்கள். ஹிட்லரின் 'மெய்ன் காம்ஃப்' நூலின் பதிப்புரிமை போருக்குப் பின் பவேரியா மாநில அரசிடம் இருந்தது. 2015 முடியும் வரை மறுபதிப்புக்கு அது அனுமதி தரவில்லை. உரிமைக் காலம் முடிந்ததும் மியூனிக் நகர வரலாற்று அறிஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 2016 ஜனவரியில் அவர்களே அதை வெளியிட்டார்கள், 3,500-க்கும் மேற்பட்ட குறிப்புகளோடு. இது பொய், இது திரித்தது, இதன் விளைவு இன்ன கொலை என்று பக்கத்துக்குப் பக்கம் பதில். ஹிட்லரின் புத்தகத்தையே பதில் எழுதிச் சமாளிக்க முடியும் என்றால், நம்மூர் நாவலையும் காவியத்தையும் சமாளிக்க முடியாதா?

அதனால், அடுத்த முறை யாராவது 'அந்தப் புத்தகத்தைத் தடை செய்!' என்று கோஷம் போட்டால், உங்களுக்கே கோபம் வரும் புத்தகமாக இருந்தாலும், மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். நீங்கள் அதை முழுசாகப் படித்தீர்களா? என்ன காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, கோர்ட்டில் நின்று பதில் சொல்ல அரசாங்கம் தயாரா? மூன்றாவதுதான் முக்கியம்: உங்களுக்குப் பிடிக்காத கட்சி நாளை ஆட்சிக்கு வந்தால், இதே பூட்டை அவர்கள் கையில் கொடுக்கச் சம்மதமா?

நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். ''மூணாவது கேள்விதான் சார் உதைக்குது'' என்றார்.

உதைக்கத்தானே வேண்டும்!

கடைசியாக ஒன்று. 1968 ஜனவரியில் சென்னையில் உலகத் தமிழ் மாநாடு நடந்தது. முதலமைச்சர் அண்ணா. மெரினா கடற்கரையில் வரிசையாகத் தமிழறிஞர்களுக்குச் சிலை வைத்தார்கள். வள்ளுவர், ஔவையார், பாரதியார், பாரதிதாசன்... அந்த வரிசையில் இன்னொருவரும் நிற்கிறார்.

கம்பர்!

25 வருடத்துக்கு முன் அவருடைய புத்தகத்தைக் கொளுத்தலாம் என்று பேசியவரின் ஆட்சி வைத்த சிலை. அண்ணா தன் கருத்தை மாற்றிக்கொண்டாரா, நாற்காலிக்கு ஏற்ற பெருந்தன்மையா என்று நீங்கள் விவாதிக்கலாம். எனக்குத் தோன்றுவது இது. 1943-ல் யாராவது அண்ணாவின் வாயைப் பொத்தியிருந்தால் சேதுப்பிள்ளையின் பதில் வந்திருக்காது. கம்பனைப் பூட்டியிருந்தால் இராவண காவியமும் பிறந்திருக்காது, மெரினாவில் அந்தச் சிலையும் நின்றிருக்காது.

அடுத்த முறை பீச்சுக்குப் போனால், சுண்டலோடு ஒரு நிமிஷம் அங்கே நின்று பாருங்கள்.